தோலுக்குள் திரித்த கயிறு

போன மாதம் என் தங்கை மகளுக்குப் பள்ளியில் விளையாட்டு விழா. அதற்கு முதல் நாள்தான் புது ஷூ வாங்கியிருந்தார்கள். மாலையில் வீடு திரும்பியவள் வாசல்படியிலேயே உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினாள். குதிகாலுக்குச் சற்று மேலே புளியங்கொட்டை அளவில் ஒரு கொப்புளம். உள்ளே தண்ணீர் தளதளவென்று நின்றது.

"ஷூ கடிச்சிருச்சு பெரியம்மா" என்றாள்.

ஊசியால் குத்தி உடைக்கப் போனவளைத் தடுத்தேன். அப்போது அவள் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரை. "ஷூ தோலை உரசுச்சு, சரி. கீறினா ரத்தம்தானே வரணும்? இந்தத் தண்ணி எங்கேருந்து வந்துச்சு?"

அன்று அவளுக்குச் சொன்னதையும், பசிக்கிறது என்று அவள் எழுந்து போய்விட்டதால் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. உங்கள் இடது புறங்கையில் வலக்கை விரல் ஒன்றை அழுத்தி வையுங்கள். விரல் வழுக்கக் கூடாது. அப்படியே முன்னும் பின்னும் ஆட்டுங்கள். விரலோடு தோலும் போய்வருகிறது, இல்லையா? ஆனால் உள்ளே இருக்கும் எலும்பு அசையவில்லை. மேலே இருப்பது நகர்கிறது, கீழே இருப்பது நிற்கிறது. அப்படியானால் இரண்டுக்கும் நடுவே இருக்கும் எல்லாமே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கோணலாக இழுபடுகிறது. புது ஷூ செய்வது இதைத்தான். வியர்வையில் நனைந்த தோல் ஷூவோடு ஒட்டிக்கொள்கிறது. உள்ளே குதிகால் எலும்பு ஒவ்வோர் அடிக்கும் முன்னே போகிறது, பின்னே வருகிறது. நடுவில் மாட்டிக்கொண்டவை தோலின் செல்கள்.

தோல் இரண்டு பெரிய அடுக்குகளால் ஆனது. மேலே இருப்பது மேல்தோல். உடம்பின் பெரும்பகுதியில் அதன் தடிமன் ஒரு நோட்டுப் புத்தகத் தாளின் தடிமன்தான், ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். கண்ணிமையில் அதிலும் பாதி. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும் 1 மில்லிமீட்டருக்கு மேல் போகும். இந்த மேல்தோலில் ரத்தக் குழாயே கிடையாது. அதற்குக் கீழே உள்ள அடித்தோலில்தான் ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. ஷூ கடித்த இடத்தில் கிழிந்தது மேல்தோலின் நடுப்பகுதி. அங்கே செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிய்ந்து ஒரு வெற்றிடம் உண்டானது. கீழே இருந்து ரத்தத்தின் நீர்ப்பகுதி மட்டும் கசிந்து வந்து அதை நிரப்பியது. சிவப்பணுக்கள் குழாய்க்குள்ளேயே தங்கிவிட்டன. என் தங்கை மகள் பார்த்த தண்ணீர் அதுதான்.

இங்கே நின்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அன்று காலையிலிருந்து அவள் ஆயிரக்கணக்கான அடிகள் ஓடியிருப்பாள். அத்தனைக்கும் தாக்குப்பிடித்துவிட்டுக் கடைசியில்தான் ஒரு புளியங்கொட்டை அளவு கிழிந்திருக்கிறது. நாம் தினமும் பையைத் தூக்குகிறோம், மரம் ஏறுகிறோம், கயிறு இழுக்கிறோம், துண்டால் முகத்தைத் தேய்க்கிறோம். தாள் தடிமனுள்ள ஒரு பொருள் எப்படிக் கிழியாமல் இருக்கிறது? எனக்கு இதுதான் பெரிய அதிசயமாகப் படுகிறது.

ஏனென்றால் ஒரு செல் என்பது அடிப்படையில் தண்ணீர்ப் பை. அதைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பால் ஆன, மிக மெல்லிய படலம். அதற்குச் சுமை தாங்கும் பலம் கிடையாது. ஒரு மெல்லிய பாலிதீன் பையில் தண்ணீர் நிரப்பி முடிச்சுப் போட்டு, குளியலறைத் தரையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டிப் பாருங்கள். சீக்கிரமே ஓரத்தில் கிழிந்து தண்ணீர் பீய்ச்சும். இப்போது அதே போல இன்னொரு பையை, கடையில் சின்ன வெங்காயம் போட்டுத் தருவார்களே, அந்த வலைப்பைக்குள் இறுக்கமாகப் போட்டு உருட்டுங்கள். கூடுதலாகத் தாங்கும். அழுத்தம் ஓரிடத்தில் குவியாமல் வலையின் கண்கள் அதைப் பங்குபோட்டுக்கொள்கின்றன.

தோல் செல்லிலும் ஒரு வலை இருக்கிறது. ஒரு வேறுபாடு: வெங்காய வலை பைக்கு வெளியே இருக்கிறது, செல்லின் வலை உள்ளே இருக்கிறது. நடுவில் உள்ள உட்கருவைச் சுற்றிக் கூடு போலப் பின்னி, அங்கிருந்து எல்லாத் திசைகளிலும் செல்லின் ஓரம்வரை போகிறது. அந்த வலையின் இழை எதனால் ஆனது என்றால், கெரட்டின் என்ற புரதத்தால். உங்கள் தலைமுடி, நகம், மாட்டுக் கொம்பு, ஆட்டு ரோமம் எல்லாமே கெரட்டின் குடும்பம்தான். கொம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. தோலில் இருப்பது அந்தக் குடும்பத்தில் மென்மையான வகை. அதைச் செய்வதே மேல்தோல் செல்களின் முக்கிய வேலை என்பதால் அவற்றுக்குக் கெரட்டினோசைட் என்றே பெயர்.

கெரட்டின் இழை ஒன்றின் தடிமன் சுமார் 10 நானோமீட்டர். உங்கள் தலைமுடி ஒன்றின் அகலத்துக்குள் இப்படிப்பட்ட இழைகளை ஏழாயிரம் வரை பக்கம் பக்கமாக அடுக்கலாம். இவ்வளவு மெல்லியதற்கு எங்கிருந்து பலம் வருகிறது? அதற்கு நாம் கயிறு திரிக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

சின்ன வயதில் விடுமுறைக்குப் போகும் ஊரில் தென்னை நாரில் கயிறு திரிப்பார்கள். ஒருவர் ராட்டையைச் சுற்றுவார். இன்னொருவர் இடுப்பில் ஒரு பொதி நாரைக் கட்டிக்கொண்டு, ராட்டையின் கொக்கியில் கொஞ்சம் நாரை மாட்டிவிட்டு, பின்பக்கமாகவே நடப்பார். நடக்க நடக்க இரண்டு விரல்களுக்கு நடுவிலிருந்து புரி நீண்டுகொண்டே போகும். நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாரை எடுத்து அளந்தால் ஒரு சாண்தான் இருக்கும். ஆனால் புரியோ தோப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போகும். எங்கேயும் முடிச்சு கிடையாது, பசை கிடையாது. ஒரு நார் முடிவதற்கு முன்பே அடுத்த நார் சேர்ந்துவிடுகிறது. எந்த இரண்டு நாரும் ஒரே இடத்தில் முடியாதபடி விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. பிறகு இரண்டு புரிகளை ஒன்றோடொன்று முறுக்கினால் கயிறு. அதைக் கொண்டு மாட்டைக் கட்டலாம், கிணற்றில் வாளியை இறக்கலாம்.

கெரட்டின் இழையும் இதே முறையில்தான் உருவாகிறது. கெரட்டின் மூலக்கூறு ஒவ்வொன்றும் குட்டையான நார். அதன் நடுப்பகுதி ஸ்பிரிங் போலச் சுருண்டிருக்கும். தனியாக ஒரு மூலக்கூறு இழை ஆகாது. கட்டாயம் ஜோடி வேண்டும். அதுவும் யாரோடு வேண்டுமானாலும் சேராது. கெரட்டின்களில் முதல் வகை, இரண்டாம் வகை என்று இரு கூட்டம் உண்டு. முதல் வகையில் ஒன்றும் இரண்டாம் வகையில் ஒன்றும் சேர்ந்துதான் ஒன்றை ஒன்று சுற்றிப் பின்னிக்கொள்ளும். அந்த ஜோடியின் நீளம் ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் 45 பங்கு. இப்படிப்பட்ட ஜோடிகள் பக்கவாட்டில் ஒன்றோடொன்று ஒட்டும்போது நேருக்கு நேராக ஒட்டாமல், தென்னை நாரைப் போலவே, தள்ளித் தள்ளி ஒட்டுகின்றன. ஒன்று முடியும் இடத்தில் இன்னொன்றின் நடுப்பகுதி இருக்கும். அதனால் இழையில் பலவீனமான மூட்டு என்று ஓரிடம் கிடையாது.

அந்த ஸ்பிரிங் சுருளைக் கண்டுபிடித்த கதையும் நன்றாக இருக்கும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரம் கம்பளித் துணிக்குப் பேர்போனது. அங்கே பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஸ்ட்பரி என்ற இயற்பியலாளர் 1930களில் ஆட்டு ரோமத்தின் மீது எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சிப் படமெடுத்தார். ரோமத்தைச் சும்மா வைத்து எடுத்தால் ஒரு வகைப் படம் வந்தது. ஈரமாக்கி இழுத்துப் பிடித்து எடுத்தால் வேறு படம் வந்தது. அப்படியானால் உள்ளே ஏதோ மடிந்து கிடக்கிறது, இழுத்தால் அது நிமிர்கிறது என்று அவர் ஊகித்தார். மடிப்பின் சரியான வடிவம் அவருக்குப் பிடிபடவில்லை. 1948-இல் அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்திருந்தபோது சளி பிடித்துப் படுத்துவிட்டார். படுக்கையில் பொழுது போகாமல் ஒரு தாளில் புரதச் சங்கிலியை வரைந்து, அதை அங்கங்கே மடித்துச் சுருட்டிக்கொண்டே இருந்தார். ஒரு மடிப்பில் அணுக்கள் அழகாகப் பொருந்தின. ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள் கொண்ட சுருள். அமினோ அமிலம் என்பது புரதச் சங்கிலியில் கோத்திருக்கும் ஒவ்வொரு மணி. 1951-இல் அவரும் அவருடைய தோழர்களும் அதை வெளியிட்டார்கள். அப்படிப்பட்ட இரண்டு சுருள்கள் ஒன்றை ஒன்று எப்படிச் சுற்றிப் பின்ன முடியும் என்று 1953-இல் கணக்குப் போட்டுக் காட்டியவர் பிரான்சிஸ் கிரிக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி. சுருளின் ஒரு பக்கத்தில் எண்ணெய் போலத் தண்ணீருக்கு ஆகாத அமினோ அமிலங்கள் வரிசையாக வருகின்றன. இரண்டு சுருள்களும் தண்ணீரிலிருந்து அந்தப் பக்கத்தை மறைத்துக்கொள்ள ஒன்றோடொன்று அப்பிக்கொள்கின்றன. அதனால்தான் முறுக்கு அவிழ்வதில்லை.

ஆஸ்ட்பரி பார்த்ததை நீங்களும் விரலால் உணரலாம். சீப்பில் சிக்கிய நீண்ட தலைமுடி இரண்டை எடுங்கள். ஒன்றை உலர்ந்தபடியே ஸ்கேல் மீது வைத்து இரு முனையையும் பிடித்து மெல்ல இழுங்கள். மற்றதைச் சற்று நேரம் தண்ணீரில் ஊறவைத்து இழுங்கள். நனைந்த முடி ரப்பரைப் போலக் கொஞ்சம் கொஞ்சமாக நீள்வது தெரியும். உள்ளே கோடிக்கணக்கான சுருள்கள் நிமிர்கின்றன.

தோல் செல்லுக்குள் இருக்கும் கெரட்டின் இழைக்கும் இந்தக் குணம் உண்டு. இந்த வகை இழையைத் தன் நீளத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இழுத்தாலும் அறாது. செல்லுக்குள் வேறு இரண்டு வகை இழைகளும் இருக்கின்றன, ஆக்டின் என்றும் நுண்குழல் என்றும். அவை செல்லை நகர்த்தவும் சரக்குகளைச் சுமந்து செல்லவும் உதவும் கெட்டிக்கார இழைகள். ஆனால் இழுத்தால் கெரட்டினுக்கு வெகு முன்பே அறுந்துவிடும். இன்னொரு விஷயம். கெரட்டின் வலையை லேசாக இழுத்தால் லேசாகவே இசைந்து கொடுக்கும். பலமாக இழுத்தால் விறைத்துக்கொண்டு எதிர்க்கும். துணி காயப்போடும் கொடி தொய்வாக இருக்கும்போது தொட்டால் ஆடும், ஈரப் போர்வையைப் போட்டதும் விண்ணென்று நிற்கும் அல்லவா? அதுபோல. உங்கள் தோல் மென்மையாகவும் இருக்கிறது, கிழியாமலும் இருக்கிறது என்பதன் ரகசியம் இதில்தான் இருக்கிறது.

ஆனால் ஒவ்வொரு செல்லும் தனித்தனியாக உள்ளே வலை கட்டிக்கொண்டால் போதுமா? கல் பலமாக இருந்து நடுவில் சாந்து இல்லாவிட்டால் சுவர் நிற்காது. தோல் செல்களின் ஓரங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் பொட்டுப் பொட்டாக ஏதோ தெரியும். இத்தாலிய மருத்துவர் ஜூலியோ பிட்சோசேரோ 1864-இலேயே அவற்றைப் பார்த்துவிட்டார். அவற்றை இப்போது டெஸ்மோசோம் என்கிறோம். ரவிக்கையில் வைக்கும் பிரஸ் பட்டனை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தச் செல்லில் ஒரு பாதி, பக்கத்துச் செல்லில் மறு பாதி. இரண்டு பாதியிலிருந்தும் நீளும் புரதக் கைகள் நடுவில் கோத்துக்கொள்கின்றன. கை கோக்கக் கால்சியம் வேண்டும். ஒவ்வொரு பாதியின் பின்புறத்திலும் கெரட்டின் கயிறு வந்து கட்டப்பட்டிருக்கிறது.

இப்போது முழுப் படத்தையும் பாருங்கள். இந்தச் செல்லின் கயிறு பட்டனில் முடிகிறது. பட்டனுக்கு அந்தப் பக்கம் அடுத்த செல்லின் கயிறு தொடங்குகிறது. அது குறுக்கே ஓடி அடுத்த பட்டனுக்குப் போகிறது. இப்படியே செல்லுக்குச் செல், உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை ஒரே தொடர்ச்சியான வலை. ஒரு புள்ளியில் இழுத்தால் அந்த இழுப்பைச் சுற்றியுள்ள ஆயிரக்கணக்கான செல்கள் பகிர்ந்துகொள்கின்றன. எந்தச் செல்லும் தனியாகச் சுமப்பதில்லை.

வலையின் அடிமட்டத்தில் இருக்கும் செல்களுக்குக் கூடுதல் பொறுப்பு. அவைதான் அடித்தோலோடு மேல்தோலைப் பிடித்துவைக்க வேண்டும். அவற்றின் அடிப்பக்கத்தில் பிரஸ் பட்டனின் ஒரு பாதி மட்டும் இருக்கும். மறு பாதிக்குப் பதிலாக, கீழே விரித்த பாய் போன்ற ஒரு மெல்லிய படலம். லாமினின் என்ற புரதம் அந்தப் பாதிப் பட்டனைப் பாயோடு இணைக்கிறது. பாய்க்குக் கீழே கொலாஜன் என்ற வேறொரு கயிற்றுப் புரதம் காடு போல அடர்ந்திருக்கிறது. தச்சர்கள் பழைய நாளில் மரத்தை ஒட்டப் பயன்படுத்திய வஜ்ஜிரம், மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த இந்தக் கொலாஜன்தான்.

கொலாஜன் கயிற்றின் முறுக்கு எப்படிப்பட்டது என்று முதலில் சொன்னது நம் சென்னைப் பல்கலைக்கழகம். 1952-இல் அங்கே இயற்பியல் துறைத் தலைவராக வந்தவர் ஜி. என். ராமச்சந்திரன். அப்போது அவருக்கு முப்பது வயதுதான். அவரும் அவரோடு வேலை செய்த கோபிநாத் கர்த்தாவும் கங்காருவின் வால் தசைநாணிலிருந்து கிடைத்த கொலாஜனை எக்ஸ் கதிர்ப் படமெடுத்து ஆராய்ந்தார்கள். பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது, கொலாஜனைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். 1954-இலும் 1955-இலும் 'நேச்சர்' இதழில் அவர்கள் எழுதியது: கொலாஜன் மூன்று புரி. மூன்று சங்கிலிகள் ஒன்றாக முறுக்கியது. அதில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற, எல்லாவற்றிலும் சிறிய அமினோ அமிலம் வருகிறது. காரணம் எளிது: மூன்று சங்கிலிகள் நெருங்கும் நடுப்பகுதியில் வேறு எதற்கும் இடமில்லை. கெரட்டின் இரண்டு புரி, கொலாஜன் மூன்று புரி. முன்னது செல்லுக்கு உள்ளே, பின்னது செல்லுக்கு வெளியே.

சரி, கெரட்டின்தான் தோல் செல்லுக்குப் பலம் என்று இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேனே, அதை எப்படி நிரூபித்தார்கள்? 1991-வரை அது ஓர் ஊகமாகத்தான் இருந்தது. இழைகள் இருப்பது தெரியும், கயிறு போல இருப்பதும் தெரியும். கயிறு போல இருப்பதாலேயே அது சுமை தாங்குகிறது என்று ஆகிவிடுமா? அந்தக் கயிற்றைக் கெடுத்துப் பார்த்தால்தானே தெரியும்!

சிகாகோ பல்கலைக்கழகத்தில் எலைன் ஃபுக்ஸ் என்ற விஞ்ஞானி அதைத்தான் செய்தார். மேல்தோலின் அடிமட்டச் செல்களில் இருக்கும் ஜோடி கெரட்டின் 5, கெரட்டின் 14. இதில் கெரட்டின் 14-இன் மரபணுவைக் கொஞ்சம் வெட்டிக் குறைத்து, அந்தக் குறைபட்ட மரபணுவை எலிக் கருவில் செலுத்தினார்கள் அவரும் அவருடைய மாணவர்களும். பிறந்த எலிகளின் தோல் லேசாக உரசினாலே கொப்புளம் கண்டது. நுண்ணோக்கியில் பார்த்தபோது கிழிந்திருந்தது சரியாக அந்த அடிமட்டச் செல்கள். இரண்டு செல்களுக்கு நடுவில் அல்ல, ஒரே செல் நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது. உள்ளே கெரட்டின் வலை விரிந்து நிற்காமல் கட்டிகட்டியாகத் திரண்டு கிடந்தது. அதன்பிறகுதான் அவர்கள் தோல் மருத்துவ நூல்களைப் புரட்டி, மனிதர்களில் இப்படி ஏதாவது நோய் உண்டா என்று தேடினார்கள். இருந்தது.

அந்த நோயின் பெயர் எபிடெர்மோலைசிஸ் புல்லோசா. நீளமான பெயர், மிகவும் அரிதான நோய். அது உள்ள குழந்தைகளை வண்ணத்துப்பூச்சிக் குழந்தைகள் என்று உலகமெங்கும் அழைக்கிறார்கள். வண்ணத்துப்பூச்சியின் இறக்கையைப் போல அவர்கள் தோல் மெல்லத் தொட்டாலே பிய்ந்துவிடும் என்பதால் வந்த பெயர். நமக்கு ஒரு முழு நாள் ஓட்டத்துக்குப் பிறகு வருவது, அவர்களுக்குச் சட்டைக் காலர் உரசினாலே வரும். தவழ்ந்தால் முழங்காலில் வரும். பென்சிலை அழுத்திப் பிடித்தால் விரலில் வரும். வெயில் காலத்தில் வியர்வையோடு இன்னும் மோசமாகும். இதில் பல வகைகள் உண்டு. சில வகைகளில் வளர வளரக் குறையும், சில வகைகள் உயிருக்கே ஆபத்தானவை. ஒரு விஷயத்தை நீங்கள் எப்போதும் நினைவில் வைத்திருக்க வேண்டும்: இது தொற்றிக்கொள்ளும் நோயே அல்ல. உங்கள் வகுப்பில் அப்படி ஒருவர் இருந்தால் பக்கத்தில் தாராளமாக உட்காரலாம். கையைப் பிடித்து இழுக்காமல் இருந்தால் போதும்.

ஃபுக்ஸின் குழு நோயாளிகள் சிலரின் மரபணுவைப் படித்துப் பார்த்தது. கெரட்டின் 14 என்பது 472 அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி. அவர்களில் ஒருவருக்கு 125-ஆவது இடத்தில் ஆர்ஜினின் இருக்க வேண்டிய இடத்தில் சிஸ்டீன் இருந்தது. மற்ற 471-உம் சரி. ஒன்றே ஒன்று மாறியிருந்தது, கயிறு போயிற்று! அதே ஆண்டில் வேறொரு குழுவும் தனியாகத் தேடி இதே முடிவுக்கு வந்தது.

இதில் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. நம் எல்லோருக்கும் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதி, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. அந்த நோயாளிக்கு ஒரு பிரதி நன்றாகத்தான் இருந்தது. செல் செய்த கெரட்டினில் பாதி நல்ல கெரட்டின். பாதிப் பலமாவது இருக்க வேண்டுமே? இல்லை. தென்னை நாரோடு பாதிக்குப் பாதி உளுத்த நாரைக் கலந்து திரித்துப் பாருங்கள். நல்ல நார் எவ்வளவு இருந்தாலும் கயிறு உளுத்த இடத்தில் அறும். பிரித்தெடுக்க முடியாதபடி இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. ஒன்றாகத் திரிவதுதான் கெரட்டினின் பலம் என்று பார்த்தோம். இங்கே அதுவே தீங்காகிவிடுகிறது.

இந்தக் குழந்தைகளுக்கு மருந்தே இல்லையா என்று கேட்பீர்கள். புண்ணைச் சுத்தமாக வைத்து, ஒட்டாத துணியால் கட்டி, வலியைக் குறைப்பதுதான் நெடுங்காலம் நடந்துவந்தது. ஆனால் 2015-இல் ஜெர்மனியின் போஹும் நகரத்தில் நடந்ததை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சிரியாவிலிருந்து அகதியாக வந்த குடும்பத்தின் ஏழு வயதுப் பையன் அங்கே மருத்துவமனையில் கிடந்தான். அவனுக்கு இருந்தது இந்த நோயின் கடுமையான வகை. கெரட்டின் அல்ல, பாதிப் பட்டனைப் பாயோடு இணைக்கும் லாமினினில் குறை. உடம்பின் மேல்தோலில் ஏறத்தாழ 80 சதவீதம் போய்விட்டது. மருத்துவர்கள் கைவிடும் நிலைக்கு வந்துவிட்டார்கள்.

இத்தாலியின் மோடெனா நகரத்தில் மிக்கேலே தெ லூக்கா என்ற விஞ்ஞானியின் குழு உதவிக்கு வந்தது. பையனின் உடம்பில் கெடாத இடத்திலிருந்து 4 சதுர சென்டிமீட்டர் தோலை எடுத்தார்கள். ஓர் அஞ்சல் தலை அளவு. அதிலிருந்த செல்களுக்குள் சரியான லாமினின் மரபணுவைச் செலுத்தினார்கள். பிறகு அந்தச் செல்களைத் தட்டில் வளர்த்துத் தாள் தாளாக்கினார்கள். தோல் செல்லை இப்படி வளர்க்கும் முறையை 1975-இல் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவில் ஹோவர்ட் கிரீனும் ஜேம்ஸ் ரைன்வால்டும். அந்த கிரீனின் ஆய்வகத்தில்தான் எலைன் ஃபுக்ஸும் பயிற்சி பெற்றார். அஞ்சல் தலை அளவு தோல் 0.85 சதுர மீட்டர் ஆயிற்று. அதை மூன்று முறையாக அறுவை செய்து பையன் உடம்பில் போர்த்தினார்கள். 2016 பிப்ரவரியில் அவன் வீட்டுக்குப் போனான். பள்ளிக்குப் போனான், கால்பந்து ஆடினான். விழுந்து அடிபட்டால் எல்லோருக்கும் ஆறுவது போல அவனுக்கும் ஆறியது. தையல் போட்டு ஒட்டியது போல அல்ல. புதுச் செல்கள் அடியில் பட்டன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. அவை பெருகிப் பெருகி மேலே போய் உதிர, அடியில் இருக்கும் சில தாய்ச் செல்கள் இன்றும் அவனுக்குத் தோல் செய்துகொண்டிருக்கின்றன.

உதிர என்றேனே, அது எல்லோருக்கும் நடப்பது. அடிமட்டத்தில் பிறக்கும் செல் மேலே நகர நகரத் தன் கயிற்றையே மாற்றிக்கொள்கிறது. அடியில் இருக்கும்வரை 5-உம் 14-உம். மேலே ஏறத் தொடங்கியதும் கெரட்டின் 1-உம் 10-உம். உள்ளங்கை, உள்ளங்காலில் மட்டும் கூடுதலாகக் கெரட்டின் 9. மனிதனுக்கு மொத்தம் 54 கெரட்டின் மரபணுக்கள் உண்டு. இடத்துக்கும் வேலைக்கும் தக்க கயிறு. உச்சிக்கு வரும்போது செல் இறந்து, தட்டையாகி, உள்ளே கெரட்டின் மட்டுமே அடைத்த செதிலாகிவிடும். பிறகு உதிர்ந்துபோகும். மண்வெட்டி பிடிப்பவர் கையைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? திரும்பத் திரும்ப அழுத்தம் படும் இடத்தில் இந்தச் செதில் அடுக்குகள் தடித்துவிடும். கை காய்த்துப் போயிருக்கிறது என்கிறோம்.

என் தங்கை மகளின் கொப்புளத்தை நாங்கள் ஊசியால் குத்தவில்லை. கொப்புளத்தின் மேல்தோல்தான் அந்த இடத்துக்குச் சிறந்த கட்டு. உடைத்தால் கிருமி புகும். (வண்ணத்துப்பூச்சிக் குழந்தைகளுக்கு இது பொருந்தாது. அவர்களுக்குக் கொப்புளம் பரவிக்கொண்டே போகும் என்பதால், மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடி அவர்கள் வீட்டில் சுத்தமான ஊசியால் நீரை வடிப்பார்கள்.) காயம்பட்ட சில மணி நேரத்திலேயே ஓரத்துச் செல்கள் கெரட்டின் 6, 16, 17 என்று அவசரத்துக்கு வேறு கயிறுகளைத் திரிக்கத் தொடங்கிவிடும். ஐந்தாறு நாளில் அடியில் புதுத் தோல் மூடிவிடும்.

ஆறாம் நாள் மாலை அவள் ஒரு காய்ந்த தோல் துணுக்கை விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு ஓடிவந்தாள். தானாகவே கழன்று வந்ததாம். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தோம். வெங்காயச் சருகு போல ஒளி ஊடுருவியது. இரண்டு பக்கமும் பிடித்து அவள் மெல்ல இழுத்தாள். செத்துப்போன, காய்ந்துபோன துணுக்குதான். அது கிழியவில்லை.

"இன்னும் இழுக்கட்டா?" என்று கேட்டாள்.